முத்துக் குளித்த கரையில் அணங்குகள்: ராமநாதபுரத்துக் கடலில் ஒரு கதையாட்டம் அமைப்பது எப்படி

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுத்து ஆடுவதுதான் கதையாட்டம். ஃபேரிகளை, அதாவது மேற்கத்தியக் கிராமக் கதைகளில் வரும் மாய மனிதர்களை, வைத்து அதை ஆடுவது என்றாலே ஓக் மரக்காடு, பனிமூட்டம், கற்கோட்டை எல்லாம் இருந்தே தீர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. நான் பாம்பன்காரி. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து, அக்கா மகனையும் தெருப் பிள்ளைகளையும் உட்காரவைத்து இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். காடும் கோட்டையும் இல்லாமல், தாழம்புதரையும் பனையையும் இரண்டு கடலையும் வைத்தே ஆடுகிறோம். சரித்திரத்தில் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இந்த ஆட்டத்தை எப்படி இறக்குவது என்று இங்கே சொல்கிறேன். ராமநாதபுரத்துக் கரையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு கரைக்காரர்கள் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஃபேரி ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வாளும் டிராகனும் வரும் ஆட்டங்களில் பலம் ஜெயிக்கும். இதில் வாக்குதான் ஜெயிக்கும். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கிராமக் கதைகளில் ஃபேரி உலகத்துக்குப் போனவர் அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் திரும்ப முடியாது. அங்கே ஒரு ராத்திரி ஆடிவிட்டு வந்தால் இங்கே வருடங்கள் ஓடியிருக்கும். இரும்பைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. தொட்டிலில் இருக்கும் பிள்ளையை எடுத்துக்கொண்டு தங்கள் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போவார்கள். சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுவார்கள், ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

இதெல்லாம் நம் பாட்டிகளுக்குப் புதிதில்லை. வழியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் மோகினியிடம் கையால் கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும் என்பார்கள். இருட்டியபின் கறிச்சோறு கொண்டுபோனால் தூக்குச்சட்டியில் ஒரு கரித்துண்டையோ இரும்பு ஆணியையோ போட்டு அனுப்புவார்கள். ஆக, இரும்பு விதி நம் ஊரிலும் அப்படியே செல்லும். உப்பு விதியைத்தான் விட்டுவிட வேண்டும். ஐரோப்பியக் கதைகளில் உப்பு ஒரு காப்பு. உப்புக் காற்றிலேயே கிடக்கும் நம் கரையில், கடலுக்குள் வாழும் ஒன்று உப்புக்கு அஞ்சும் என்றால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

எங்கள் ஆட்டத்தில் அவர்களை அணங்குகள் என்கிறோம். நல்லதும் கெட்டதுமாக இல்லாமல், அழகும் அச்சமும் ஒன்றாகச் சேர்ந்த சக்தி என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டு கடல், இரண்டு அவை

ஸ்காட்லாந்துக் கதைகளில் ஃபேரிகளுக்கு இரண்டு அவைகள், அதாவது அரசசபைகள், உண்டு. ஒன்று மனிதருக்கு ஓரளவு இணக்கம், இன்னொன்று கொடியது. இதை இங்கே கொண்டுவர நான் எதையும் கற்பனை செய்யவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். வடக்கு ஆழமில்லாதது, பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். தெற்கு ஆழமானது, அலை எழும்பி அடிக்கும்.

ஆனால் பெண்கடல் எப்போதும் சாது என்று எழுதிவிடாதீர்கள். ஐப்பசி தொடங்கி வாடை அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல்தான் கொந்தளிக்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். தெற்கு, மேற்குப் பக்கமிருந்து வரும் சோழகமும் கச்சானும் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு அடங்கும். பாம்பனில் சிறு வள்ளக்காரர்கள் காற்றுக்குத் தகுந்தபடி கால்வாயைக் கடந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இடம் மாறுவது இதனால்தான். இந்தக் காற்று மாற்றத்தை அப்படியே அரசாட்சி மாற்றமாக வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காலத்தில் வடக்கு அவை ஆளும். சோழகக்காலத்தில் தெற்கு அவை ஆளும். ஆளும் அவையின் கடலில் போய் எதைக் கேட்டாலும் விலை கூடும். அடங்கிய அவையின் கடலில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற அவர்களுக்கு அப்போது பலம் போதாது.

இரண்டு காற்றுக்கும் நடுவே, பங்குனி, சித்திரையில், கடல் சும்மா கிடக்கும் சில வாரங்கள் வரும். அப்போது எந்த அவையும் ஆளவில்லை. பேரம் எல்லாம் அப்போதுதான் நடக்க வேண்டும். முத்துக்குளிப்பும் இதே வாரங்களில்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். கடல் தெளிந்து அமைதியாக இருந்தால்தானே ஆள் இறங்க முடியும். சரித்திரமும் ஆட்டவிதியும் இப்படி ஒன்றோடொன்று பொருந்தும் இடம் கிடைத்தால் விடவே கூடாது.

வருடத்தைத் தேர்ந்தெடுப்பது

பெரிய போர், பெரிய ராஜா என்று தேடிப் போனால் ஆட்டம் வரலாற்றுப் பாடமாகிவிடும். ஃபேரி ஆட்டத்துக்கு வேண்டியது, கடலோடு மனிதர் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் கண்ணுக்குத் தெரியும் காலம். நான் மூன்று கேள்வி கேட்பேன். அந்தக் காலத்தில் கடலுக்குப் போகிறவன் யாருக்கு என்ன கொடுத்துவிட்டுப் போனான்? நடுவில் நின்று பேசியது யார்? அந்த ஏற்பாடு எப்போது உடைந்தது? மூன்றுக்கும் பதில் இருக்கிற காலம் உங்கள் காலம். ஒன்றுக்குத்தான் பதில் இருக்கிறது என்றால் அதை ஒரே ராத்திரி ஆடும் சின்னக் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றுக்கும் மிகச் சுத்தமாகப் பதில் கிடைக்கும் காலம் 1290-களின் தொடக்கம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம். சீனத்திலிருந்து திரும்பும் வழியில் மார்க்கோ போலோ இந்தக் கடலைத் தொட்டுப் போகிறார். முத்துக்குளிப்பு ஏப்ரல் தொடங்கி மே பாதி வரை நடக்கும் என்கிறார். கிடைத்ததில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்கு இன்னொருவருக்கு: குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவருக்கு. இதற்கடுத்து அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கமே போய்விட்டது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்கள், ராத்திரி மீன்கள் இஷ்டப்படி திரியும் என்கிறார். இந்த வழக்கம் அவரோடு முடிந்துபோகவும் இல்லை. பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பிலும் கடல்கட்டி என்று ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார். அவர் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்க மறுத்தார்கள்.

ஒரு ஃபேரி ஆட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பகலுக்கு ஒரு சட்டம், ராத்திரிக்கு ஒரு சட்டம், நடுவில் ஒரு தரகர், எழுதி வைத்த பங்கு விகிதம்.

இதை ஆட்டத்துக்குக் கொண்டுவரும்போது வேலையைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருங்கள். குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, அதன் பாரத்தில் இறங்குவான். அடியில் கல்லை விட்டுவிட்டுச் சிப்பியை அள்ளிப் பையில் போடுவான். மூச்சு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய நிற்கும். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள் என்று கரையில் சொல்வார்கள். அவன் தங்கச்சியின் தாலி அவன் கையில் இருக்கிறது, விடமாட்டான் என்பது கணக்கு. கரையில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டுக் கழுவித்தான் முத்தை எடுப்பார்கள். அந்த நாற்றத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். காட்சி கண்ணுக்கு வருவதற்கு முன்னால் மூக்குக்கு வந்துவிட வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் இதை எப்படி வைத்தேன் என்று சொல்கிறேன். குளிப்பவனாக ஆடியது எங்கள் தெருப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். கட்டு அவிழ்ந்த ராத்திரி. கரையோரம் ஓர் அணங்கு அவளுக்கு நல்ல முத்துப் பார், அதாவது கடலடியில் சிப்பி கிடக்கும் திட்டு, இருக்கும் இடத்தைக் காட்டுவதாகச் சொல்கிறது. விலை என்ன என்று கேட்டாள்.

“பெருசா ஒண்ணுமில்ல. உன் மச்சானோட ஒரு தூக்கம் குடு.”

என் அக்கா மகன் உடனே, “குடுத்துரு, ஒரு தூக்கம்தானே” என்றான். அவள் சோழியைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். அப்புறம் கேட்டாள்:

“அக்கா, தூக்கம் எப்ப வேணும்னு அது சொல்லலையே?”

சொல்லவில்லைதான். நாளைக்கு அவள் பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் உயர, ஆழத்தில் இருக்கும்போது மேலே கயிறு பிடித்திருக்கும் மச்சான் கண்ணயர்ந்தால் கதை முடிந்தது. அவள் அணங்கைப் பார்த்துச் சொன்னாள்: “சரி, தர்றேன். பாயில படுத்திருக்கிறப்ப வர்ற தூக்கம்தான் தருவேன். கயித்தத் தொட்டிருக்கிற கைக்குத் தூக்கம் கிடையாது.” அணங்கு அதற்குத் தலையாட்டியாக வேண்டியிருந்தது. மச்சான் அன்று ராத்திரி பாயில் படுத்தவன் மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. கயிறு பிடிக்க வேறு ஆள் தேட வேண்டி வந்தது. அதுதான் அடுத்த வாரக் கதை.

விலையை இப்படித்தான் அமைக்க வேண்டும். கேட்கும்போது சின்னதாக இருக்கட்டும், அந்த வேலையின் நடுநரம்பில் போய்த் தொடட்டும். ஒரு வருட ஆயுள், மூத்த பிள்ளை என்று பெரிதாகக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், பேரமும் நடக்காது. கயிறு பிடிப்பவனின் தூக்கம், தோணிக்காரனுக்கு வடக்கு எது என்ற நினைவு, வலை பின்னும் ஆத்தாளின் இடதுகைப் பெருவிரல் உணர்ச்சி இப்படிக் கேளுங்கள். இப்படிக் கேட்க அந்தத் தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் சரித்திரத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

இந்தக் காலத்துக்கு ஊராகப் பெரியபட்டினத்தை வையுங்கள். அங்கே மண்ணில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, பெரிய துறைமுகமாக இருந்த ஊர். அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைகளில் வந்து இறங்கிய காலம் அது. மொழி தெரியாத கப்பல்காரர்கள், அவர்களோடு கூடவே வந்த அவர்கள் ஊர்க் கதைகள் எல்லாம் ஒரே சந்தையில் நிற்கலாம்.

மற்ற காலங்கள், சுருக்கமாக

சங்க காலத்தை ஆட நினைத்தால் அழகன்குளம் இருக்கிறது. வைகை கடலில் சேரும் இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87-இல் தோண்டத் தொடங்கி, ரோமானியக் காசுகளும் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கப்பல் கீறிய ஒரு பானை ஓடும் எடுத்தார்கள். சோழக்கரையைப் பாடும் பட்டினப்பாலையில், பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதில் அணங்கை ஏற்றி வழிபட்டார்கள் என்று வருகிறது. அந்தக் கொம்பை அழகன்குளத்து மணலில் நட்டுவிட்டால் உங்கள் கதைக்கு நடுப்புள்ளி கிடைத்துவிடும்: அதைப் பிடுங்கியது யார்? ஒரே குறை, அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன விவரங்கள் நமக்குக் குறைவாகவே தெரியும். நீண்ட ஆட்டத்துக்கு நிறைய நிரப்ப வேண்டியிருக்கும்.

1480-இல் அடித்த புயலில்தான் ராமேஸ்வரம் நிலத்தோடு இருந்த இணைப்பு அறுந்து தீவாகிவிட்டது என்று சொல்லப்படுவதுண்டு. ஒரே ராத்திரி ஆட்டத்துக்கு அருமையான களம். நேற்று நடந்துபோன வழி இன்று கடல். அக்கரையில் மாட்டிக்கொண்டவர், இக்கரையில் நின்றவர் என்று ஆடுபவர்களை இரண்டாகப் பிரித்து உட்கார வையுங்கள்.

1538-இல் வேதாளையில் போர்த்துக்கீசியருக்கும் கோழிக்கோட்டு சாமூதிரியின் கப்பற்படைக்கும் நடந்த சண்டையை ஆடலாமா என்று என்னிடம் கேட்பார்கள். ஆடலாம், எனக்கு விருப்பமில்லை. பீரங்கி வெடிக்கிற இடத்தில் பேரம் பேச நேரம் இருக்காது.

சேதுபதிகள் காலம் வேறு விதம். கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். சேதுவுக்குக் காவலர் என்பதே அந்த அரசர்களின் பட்டம். ஒரு கடவைக்குக் காவல் என்றால் அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே யார் போகலாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லையா? அணங்கு அவைகளுக்கு எதிரே நிற்க ஒரு மனித அவை வேண்டுமென்றால் இதுதான். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் வணிகமும் நடந்தது இதே காலத்தில்.

இந்தக் காலத்தில் நான் அதிகம் பயன்படுத்துவது அரண்மனையை இல்லை, சத்திரத்தை. சேதுபதிகள் ராமேஸ்வர யாத்திரைக்காரர்களுக்காக வழிநெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்டார்கள். காசியிலிருந்து வந்தவர், மராட்டியர், தெலுங்கர் என்று ஒரே கூரைக்குள் படுத்திருப்பார்கள். என் விதி இது: சத்திரத்துச் சோற்றைச் சாப்பிட்டவர் விடியும் வரை சேதுபதியின் காவலில் இருக்கிறார், எந்த அணங்கும் அவரைத் தொட முடியாது. ஃபேரி உலகத்துச் சோறு ஆளைப் பிடித்து வைக்கும். இந்தச் சோறு ஆளைக் காக்கும். அப்படியானால் பந்தியில் கடைசியாக வந்து உட்கார்ந்த, யாருக்கும் தெரியாத அந்த ஆள் மனிதர்தானா? அவரும் சாப்பிட்டுவிட்டால் அவருக்கும் காவல் உண்டா? இந்த ஒரு கேள்வியை வைத்தே எங்கள் மாடியில் நள்ளிரவு வரை வாதம் நடந்திருக்கிறது.

உடை, நகை, சபை ஒழுங்கு எல்லாம் தெரிய ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தவை. சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் அங்கே இருக்கின்றன. ஒரு நோட்டில் மூன்று பொருள்களை மட்டும் குறித்து வாருங்கள்: ஒருவர் கையில் என்ன வைத்திருக்கிறார், எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார். ஒரு காட்சிக்கு அது போதும்.

இரும்பு கடலைத் தாண்டிய வருடம்

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வருடம் 1914. பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 140-க்கும் மேற்பட்ட தூண்கள், நடுவில் கப்பலுக்காக இரண்டு இறக்கையாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். அணங்குகளின் கண்ணால் பாருங்கள்: வடக்கு அவைக்கும் தெற்கு அவைக்கும் நடுவே, அவர்கள் போகவர இருந்த ஒரே கால்வாயின் குறுக்கே, கரைக்குக் கரை இரும்பு போட்டுவிட்டார்கள்.

அந்தத் தூக்குப்பாலத்தைத் திறக்க மோட்டார் இருந்ததில்லை, ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திறந்தார்கள். என் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று அவர் காட்டிக் கொடுத்திருக்கிறார். பெயிண்ட் குமிழ் விட்டிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நகத்தால் தட்டினால் உள்ளே ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். இதையே விதியாக்கினேன். பாலத்து இரும்பு அணங்குகளைத் தடுக்கும், துருவேறிய இடம் தடுக்காது. தூக்குப்பாலம் திறந்திருக்கும் நேரத்தில் கால்வாய் அவர்களுக்கும் திறந்திருக்கும். ஆகவே நெம்புகோல் சுற்றும் கூலியாட்கள்தான் இந்தக் காலத்தின் கடல்கட்டிகள். ஆடுபவர்களில் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். கப்பலே வராத ஒரு ராத்திரி, பாலத்தைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லி யாரோ வந்து கேட்கட்டும்.

பாலம் வந்தபின் சென்னையிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து அனுப்பினார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டுவார். போகும் முன்பே கடன், வழியெல்லாம் கடன், தோட்டத்தில் உழைத்துத் தீராத கடன். ஃபேரிக் கதைகளில் வரும் கட்டுப்பாடு மனிதரே மனிதருக்குச் செய்ததாக அங்கே இருந்தது. ஒரு கங்காணியின் வேடத்தில் அணங்கு வரலாம் என்று தோன்றும். நான் அதைச் செய்ய மாட்டேன், செய்யாதீர்கள் என்றும் சொல்வேன். அந்தக் கொடுமைக்கு மனிதர்தான் பொறுப்பு, மாயத்தின் தலையில் அதை ஏற்றக் கூடாது. நான் வைப்பது நேர் எதிர்: வாக்குச் சட்டம் தெரிந்த ஓர் அணங்கு முகாமுக்குள் வந்து, கங்காணியின் கணக்கு நோட்டை எழுத்துக்கு எழுத்து படித்து, எங்கே பொய் இருக்கிறது என்று கூலிப் பெண்ணுக்குச் சொல்லித் தருகிறது. அதற்கும் விலை உண்டு.

மேற்கத்திய ஃபேரியே ஒன்று வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் இந்தக் காலத்தில் வைக்கலாம். கப்பலில் வந்த ஒரு ஸ்காட்லாந்து மெக்கானிக்கின் பெட்டியோடு வந்துவிட்டது என்று வையுங்கள். ஊர் புரியாமல், வெயில் தாங்காமல், பால் ஊற்றி வைக்க ஆளில்லாமல் அது தவிப்பது அழகான கதை. அங்கத்திய அவைகளையும் ராணிகளையும் மட்டும் இங்கே குடியேற்றாதீர்கள். அவர்கள் ஊரில் அவர்கள் இருக்கட்டும்.

1964

தனுஷ்கோடியை வைத்து ஆடவே எல்லோருக்கும் ஆசை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊர் அழிந்தது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. இன்றும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் அன்று உறவைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. அந்தப் புயலை அணங்குகள் ஏவியதாக வைக்காதீர்கள். அந்த ரயிலுக்குள் ஆட்டத்தைக் கொண்டுபோகாதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதற்கு அடுத்த மாதங்களில் ஆடலாம். உடைந்த பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள்; தனுஷ்கோடியையோ வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. வீடிழந்த மனிதர்களும், கரையும் ஆட்களும் இல்லாமல் பேரம் பேச யாருமே இல்லாமல் போன அணங்குகளும் ஒரே மணலில் நிற்கிறார்கள். அங்கே சண்டை வேண்டாம். ஒருவர் மற்றவருக்கு என்ன உதவ முடியும் என்று மட்டும் கேளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு எல்லை. தேவிபட்டினத்து நவபாஷாணம், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம், ஊர் எல்லையில் இருக்கும் கன்னிமார் கோயில் இவற்றைக் கதைக்குள் பெயர் சொல்லிக் கடந்துபோகலாம். அங்கிருக்கும் தெய்வத்தையோ, இறைநேசரான அவுலியாவையோ ஆட்டக்காய் ஆக்கக் கூடாது. என் ஆட்டத்துக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டிலிருந்தும் வருகிறார்கள். யார் வீட்டுப் பெரியவர் கேட்டாலும் முகம் சுளிக்காத ஆட்டமாக இருக்க வேண்டும்.

உயிரினங்களில் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடல்பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள்; பிள்ளைக்கு மார்பில் பால் கொடுக்கும், மூச்சு வாங்க மேலே வரும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் தோலைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணாகும் கடல்நாய்களின் கதை உண்டு. நம் ஆவுளியாவுக்கு அப்படி ஒரு கதை செய்யலாம். தோலுக்குப் பதில் கடல்பாசி. அடியில் பாசிப்படுகை இருக்கும் வரை அவள் திரும்பிப் போகலாம், படுகை அழிந்தால் முடியாது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் அவளை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உட்கார்ந்து ஆடுவது

பகடைக்குப் பதில் ஆறு சோழி. ஆபத்தான காரியம் செய்யும்போது குலுக்கிப் போடுங்கள், வாய் மேலே விழுந்ததை எண்ணுங்கள். சுலபமான காரியத்துக்கு மூன்று, கடினமானதுக்கு நான்கு, கிட்டத்தட்ட முடியாததுக்கு ஐந்து வேண்டும். ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி விழும் என்று வைத்தால் மூன்றோ மேலோ விழ 100-க்கு 66, நான்குக்கு 34, ஐந்துக்கு 11 வாய்ப்பு. நிஜச் சோழி அப்படிச் சரிசமமாக விழாது. உங்கள் சோழிகளை முன்கூட்டியே நிறையத் தடவை போட்டுப் பார்த்து, ஒரே பக்கம் சாய்வதை மாற்றிவிடுங்கள். ஆளும் அவையின் கடலில் அணங்குக்கு எதிராகப் போடும்போது ஒரு சோழியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கையில் நல்ல இரும்பு இருந்தால் குறைக்க வேண்டாம்.

பேரத்துக்கு மட்டும் சோழி போடவே கூடாது. வாயால் பேசித்தான் முடிக்க வேண்டும். பேசி முடித்த வாக்கை, சொன்ன சொல் மாறாமல் ஒருவர் நோட்டில் எழுத வேண்டும், எல்லோருக்கும் கேட்கப் படித்துக் காட்ட வேண்டும். பின்னால் “நான் அப்படிச் சொல்லல அக்கா” என்று வரும்போது நோட்டில் இருப்பதுதான் செல்லும், அணங்குக்கும் அதே விதி. கதைசொல்லியாக நீங்கள் எதையாவது சேர்க்க மறந்திருந்தால் அது ஆடுபவருக்கு லாபம்.

வரைபடத்தைத் தரையில் சாக்பீஸால் போடுங்கள். மேலே பெண்கடல், கீழே ஆண்கடல், நடுவில் மண்டபம், கால்வாய், பாம்பன், ராமேஸ்வரம், கிழக்கே நீளும் தனுஷ்கோடி. காற்று எந்தப் பக்கமிருந்து என்று ஒரு அம்புக்குறி. ஆட்டம் தொடங்கும் முன் அதைச் சுட்டிக்காட்டி “இப்ப என்ன காத்து?” என்று கேளுங்கள், யார் ஆள்கிறார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 1290-களையே எடுங்கள். ஆளுக்கு ஒரு வேலை: குளிப்பவர், கயிறு பிடிப்பவர், பங்கு எழுதும் கணக்குப்பிள்ளை, கடல்கட்டியின் சீடர். சித்திரை மாதம், பெரியபட்டினம். முதல் காட்சியில் பொழுது சாய்கிறது, வள்ளங்கள் எல்லாம் கரை ஏறிவிட்டன, கடல்கட்டி கட்டை அவிழ்க்க வர வேண்டிய நேரம். அவரைக் காணோம். “கட்டை அவிழ்க்கலேன்னா ராத்திரி மீனுக்கு என்ன ஆகும், அதுங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும்?” என்று சீடராக ஆடுபவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் சோழியை அவர்களே எடுப்பார்கள்.